அளவெடுக்கும்போது நெஞ்சை விரிக்காதே: உடை, சாதி, ஆண்மை



தலைமையேற்றிருக்கும் தோழருக்கும், இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த இலக்கிய வட்டத்தின் நண்பர்களுக்கும், இந்த வெயிலில் பஸ் மாறி வந்திருக்கும் மாணவர்களுக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணனின் குடும்பத்தாருக்கும் என் வணக்கம்.

அண்ணனின் பெயர் பின்னால் பதாகையில் இருக்கிறது. இந்த உரை அச்சாகும்போது அட்டையிலும் இருக்கும். ஆனால் நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. என் அப்பாவுக்கும் அவர் அண்ணன், எனக்கும் அண்ணன். இயக்கத்தில் உறவுமுறை அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் அண்ணன் என்றே சொல்கிறேன்.

அவர் கவிதை வாசித்ததும் துண்டறிக்கை எழுதியதும் உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு முதலில் தெரிந்தது அவருடைய தையல்கடை. எங்கள் தெரு முடிந்து, ஊர்த் தெருவையும் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மெஷின், ஒரு பெஞ்சு, ஓர் ஆள் உயரக் கண்ணாடி. எங்கள் வீடுகளில் இருந்ததெல்லாம் முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. தலை முதல் கால் வரை தங்களை எங்கள் ஆண்கள் பார்த்தது அண்ணன் கடையில்தான்.

அந்தக் கண்ணாடி முன்னால் நின்றுதான் இன்று பேச விரும்புகிறேன். தலைப்பைச் சொன்னதும் அமைப்பாளர்களில் ஒருவர் தயங்கினார். "பஞ்சமி நிலம் இருக்கு, வன்கொடுமை வழக்கு இருக்கு, ஆணவக்கொலை இருக்கு. துணிக்கடை விளம்பரத்தப் பத்தியா தோழர் பேசப்போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த உரை முழுவதுமே அவருக்கான பதில்தான்.

‘வம்சம்’ என்றொரு கடை

ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்களுக்கான விலை உயர்ந்த ஆடை நிறுவனம். பெயர் ‘வம்சம்’ என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் இருக்கிற எந்த நிறுவனத்தையும் நான் சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தைத் திட்டிவிட்டுப் போவது என் நோக்கமும் இல்லை. நாம் சாலையோரத் தட்டிகளிலும் கைப்பேசியிலும் அன்றாடம் பார்க்கிற பல விளம்பரங்களைச் சேர்த்துப் பிசைந்தால் என்ன வருமோ, அதுதான் ‘வம்சம்’.

விளம்பரம் இப்படித் தொடங்குகிறது. பழைய அரண்மனை. அல்லது செட்டிநாட்டு வீடு மாதிரித் தூண்கள் வைத்த பெரிய வீடு. முற்றத்தில் ஒரு குதிரை. மாடிப்படியில் ஓர் ஆண் இறங்கி வருகிறான். திருத்திய தாடி, முறுக்கிய மீசை, கையில் கனத்த கடிகாரம். கோட்டோ, பட்டு ஜிப்பாவோ, சரிகை வேட்டியோ, எதுவாக இருந்தாலும் ஒரு மடிப்புக் கலையவில்லை. சுவரில் தாத்தாவின் படம். தாத்தாவுக்கும் அதே மீசை. ஓரத்தில் ஒரு பெண் நின்று அவனைப் பார்க்கிறாள். அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசியில் எழுத்து வருகிறது: கம்பீரம் பிறப்பிலேயே வருவது.

இதில் எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்று பாருங்கள். வியர்வை இல்லை. வேலை இல்லை. அந்த அரண்மனையைப் பெருக்கியவர் யார், குதிரைக்குப் புல் அறுத்தவர் யார், அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டவர் யார்? ஒருவரும் இல்லை. ஒரே ஒரு காட்சியில் மட்டும் ஓர் அளவுநாடா அவன் தோளில் படுகிறது. நாடாவைப் பிடித்திருக்கும் விரல்கள் தெரிகின்றன. முகம் தெரியவில்லை.

1899இல் தோர்ஸ்டீன் வெப்ளன் ‘உழைக்காத வர்க்கம்’ பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிற நூல். விலை உயர்ந்த உடை, ‘இதை வாங்கப் பணம் இருக்கிறது’ என்று மட்டும் சொல்வதில்லை, ‘இதைப் போட்டிருப்பவன் கையால் வேலை செய்ய வேண்டியதில்லை’ என்றும் சொல்கிறது என்பது அவர் காட்டிய முக்கியமான உண்மை. பளபளக்கும் ஷூ, கறையில்லாத சட்டை, கைத்தடி எல்லாம் அதற்கான அடையாளங்கள்.

வெப்ளன் அமெரிக்காவின் பணக்காரர்களைப் பார்த்து எழுதினார். நம் ஊரில் இதற்குச் சாதி இன்னும் ஒரு படி சேர்க்கிறது. அங்கே பணம் வந்தவன் அந்த உடையை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இங்கே பணம் இருந்தாலும் போடக் கூடாது என்று பட்டியல் எழுதி வைத்தார்கள்.

எட்டும் பதினொன்றும்

இது உவமை அல்ல. நிஜமாகவே பட்டியல் இருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி அணியக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. பொன் வெள்ளி நகை கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூச்சூடக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது.

எட்டில் பெரும்பாலானவை உடம்பின் மேல் என்ன இருக்கலாம் என்பதைப் பற்றியவை. ‘வம்சம்’ விளம்பரத்தையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே அவனை ஆணாக்குகிற ஒவ்வொன்றும் இங்கே நம் பாட்டனுக்குத் தடை. விளம்பரம் போட்டோ என்றால், இந்தப் பட்டியல் அதன் நெகட்டிவ்.

மீறல் நடந்ததால் 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக மாறின. புதிதாக என்ன சேர்ந்தது? பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்து உழக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரிடமே மலிவு விலைக்கு விற்க வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது, மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் வரக் கூடாது.

அமைப்பாளர் தோழருக்கு என் முதல் பதில் இதுதான். சட்டையும் பள்ளிக்கூடமும் நிலமும் கூலியும் ஒரே தாளில்தான் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகப் பட்டியல் போட்டது நாமல்ல. சட்டை போட்டவன் அடுத்துக் கூலியைக் கேட்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. இதற்குத் திரும்பி வருவேன்.

அப்பாவின் பாக்கெட்

என் அப்பாவின் காலத்தில் அப்படி எழுதப்பட்ட பட்டியல் எதுவும் இல்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1970களின் கடைசியில் அவரிடம் ஒரு டெர்லின் சட்டை இருந்தது. அண்ணன் தைத்தது. அதை வீட்டில் போட்டுக்கொண்டு அவர் கிளம்ப முடியாது. மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெற்றுடம்போடு ஊர்த் தெருவைக் கடப்பார். அண்ணன் கடைக்குப் போனதும் சட்டையை மாட்டி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறுவார். திரும்பி வரும்போது கடையில் கழற்றி மறுபடியும் பையில் வைப்பார். எங்கள் தெரு ஆண்கள் பலரும் இதையே செய்தார்கள். அண்ணன் கடை சட்டை தைக்கிற இடம் மட்டுமல்ல, சட்டை போடுகிற இடமும்தான்.

ஒருநாள் மழை. அப்பா சட்டையைக் கழற்றாமலே ஊர்த் தெருவுக்குள் வந்துவிட்டார். திண்ணையில் இருந்த ஒருவர் கூப்பிட்டார். அப்பாவைவிட வயதில் சிறியவர். "பாக்கெட்டுல என்னடா வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, விரலை உள்ளே விட்டுக் கீழ்நோக்கி இழுத்தார். பாக்கெட் கிழிந்து தொங்கியது. உள்ளே இருந்தது பஸ் டிக்கெட்.

அப்பா மறுநாள் சட்டையை அண்ணனிடம் கொண்டுபோனார். கிழிந்ததைத் தைத்துத் தருவார் என்று எதிர்பார்த்தார். அண்ணன் பழைய பாக்கெட்டைப் பிரித்து எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பாக்கெட் வைத்துக் கொடுத்தார். "இனிமே கேட்டா எந்தப் பாக்கெட்னு கேளு" என்றாராம். அப்பா அந்தச் சட்டையைப் பையில் வைக்கவே இல்லை. அதற்காக இரண்டு முறை அடிவாங்கினார். அதன் பிறகு எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து சட்டையோடுதான் போவோம் என்று போனார்கள். அதற்கு எவ்வளவு பேர் கோர்ட்டுக்கு அலைந்தார்கள் என்பது முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கோட்டு

1930 டிசம்பருக்கு மறுபடியும் போவோம். ராமநாதபுரத்தில் கோட்டு போடக் கூடாது என்று தடை எழுதிய அதே மாதத்தில், லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அங்கே இருந்தவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர். இன்னொருவர் நம் இரட்டைமலை சீனிவாசன். இரண்டு பேரும் கோட்டு அணிந்துதான் அமர்ந்திருந்தார்கள்.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். ஏழையைப் போல் உடுத்த வேண்டும் என்பது அவர் முடிவு. அந்த முடிவின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் களைவதற்கு முதலில் ஒன்று உடம்பில் இருக்க வேண்டும். காந்தி எந்த உடைக்கு விரும்பி வந்து சேர்ந்தாரோ, ஏறக்குறைய அதே உடைதான் ராமநாதபுரத்தில் நம் மக்களுக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டிருந்தது. அம்பேத்கரின் கோட்டை ஆடம்பரம் என்று சொன்னவர்கள் இதை யோசித்ததில்லை. 2016இல் ‘கபாலி’ இந்த விவாதத்தைத் திரையரங்குக்குள் கொண்டுவந்தபோது நம் பிள்ளைகள் எழுந்து நின்று விசிலடித்ததற்கும் இதுதான் காரணம். ஒரு கோட்டுக்குப் பின்னால் இருந்த நூறு வருட வரலாறு அவர்களுக்குச் சட்டென்று புரிந்தது.

அம்பேத்கர் உடையைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் பெண்களிடம் பேசும்போது, தாழ்த்தப்பட்டவர் என்று காட்டிக்கொடுக்கிற விதத்தில் சேலை கட்டுவதை விடச் சொன்னார். மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட மாநாடும் அதுதான். நெருப்பு வைத்ததும் சேலைக்கட்டை மாற்றச் சொன்னதும் அவருக்கு ஒரே வேலையின் இரு பகுதிகள்.

இன்றைக்கு வருவோம். 2012 நவம்பரில் தர்மபுரியில் நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் எரிக்கப்பட்டன. அதன் பிறகு ஒரு தலைவர், நம் பையன்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு அவர்கள் வீட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். பெயர் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும். 2017இல் குஜராத்தில் காந்திநகர் பக்கத்து லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காக தலித் இளைஞர்கள் அடிபட்டார்கள். 2023இல் அதே மாநிலத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில், நல்ல உடை உடுத்திக் கறுப்புக் கண்ணாடி போட்டதற்காகத் தாக்கப்பட்டதாக ஒரு தலித் இளைஞர் புகார் கொடுத்தார். எட்டுத் தடைகள் முடிந்துவிடவில்லை.

ஆகவே மாணவர்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல உடை உடுத்துவதற்கு நீங்கள் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "சாப்பாட்டுக்கு இல்லாதவனுக்கு எதுக்குடா பிராண்ட் ஷூ?" என்று கேட்கிறவர் முற்போக்காளராகவே இருந்தாலும், அவர் கையில் இருப்பது பழைய பட்டியல்தான். எளிமையைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். போதுமான அளவு எளிமையாக இருந்துவிட்டோம்.

கோட்டுக்குள் மாறிய குரல்

இத்தோடு முடித்திருந்தால் நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். நானும் மகிழ்ச்சியாக இறங்கியிருப்பேன். ஆனால் அண்ணனின் நினைவு மேடையில் பாதி உண்மையைச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

என் கல்யாணத்துக்கு நான் கோட்டு எடுத்தேன். நகரத்தில் ஒரு பெரிய கடை. உள்ளே போனதும் காவலாளி பின்னாலேயே வந்தார். விற்பனையாளர் என் செருப்பைப் பார்த்தார், பிறகு விலையைச் சொன்னார், பிறகுதான் துணியைக் காட்டினார். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கோட்டை எடுத்தேன். என் மூன்று மாதச் சம்பளம். கடன். அப்பாவின் பாக்கெட்டுக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் தவறில்லை.

கல்யாணத்தன்று காலை மண்டபத்து அறையில் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். தோள் அகலமாகத் தெரிந்தது. நெஞ்சு தானாக நிமிர்ந்தது. விளம்பரத்தில் வருகிறவன் மாதிரியே இருந்தேன். தங்கச்சி வாசலில் நின்றிருந்தாள். "ஏய், அந்த ஷூவத் தொடச்சு எடுத்துட்டு வா" என்றேன்.

என் தங்கச்சியை அதற்கு முன் நான் ‘ஏய்’ என்று கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. அந்தக் குரல் எங்கள் வீட்டுக் குரலே இல்லை. அது திண்ணையில் இருந்து அப்பாவைக் கூப்பிட்ட குரல்.

அவள் ஷூவைத் துடைத்து எடுத்து வந்தாள். கோபப்படவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரித் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் காலர் முனையத் திருப்புறதுதான்ணே என் வேல. ஒரு நாளைக்கு எத்தன திருப்புறேன்னு எனக்கே கணக்கில்ல. இத மாட்டிக்கிட்டு ஒரு ஆளப் பக்கத்துல பார்க்கிறது இன்னைக்குத்தான்" என்றாள். அவள் அப்போது திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் இருந்தாள். கைமடியாகச் சேர்ந்து மெஷினுக்கு வந்தவள்.

‘வம்சம்’ விளம்பரத்தில் முகம் தெரியாத அந்த விரல்கள் யாருடையவை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அவை என் வீட்டிலேயே இருந்தன. நான்தான் அவற்றை ஷூ துடைக்க அனுப்பியிருந்தேன்.

தைத்தவர்கள்

நம் மாநிலத்தின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் வைத்து வேலை வாங்குவது. முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று ஒரு தொகை. இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பினால் அந்தத் தொகை பெரும்பாலும் கைக்கு வராது. போனவர்களில் கணிசமானோர் நம் பெண்கள். மாப்பிள்ளைக்குச் சட்டை நெய்ய நூல் நூற்றவளுக்கு, அவள் கல்யாணத்தையே கூலியாகக் காட்டினார்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியின் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் குற்றம் சாட்டப்பட்டார். அந்தப் பெண்ணின் சங்கம் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், பெண்கள் தலைமையேற்று நடத்துகிற சங்கம். அவர்கள் ஒரு வழக்கோடு நிற்கவில்லை. ஆசிய அளவிலும் உலக அளவிலும் தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் போராடினார்கள். 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. வேலையிடத்தில் பாலியல் வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் சேர்த்தே தடுக்க வேண்டும் என்கிற, சங்கத்துக்குக் கண்காணிக்கும் உரிமை தருகிற, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஆலை நிர்வாகம் மட்டுமல்ல, துணியை வாங்கி விற்கும் எச் அண்ட் எம், கேப், பிவிஹெச் நிறுவனங்களும் உடன்பாட்டுக்கு வந்தன. கால்வின் க்ளைன், டாமி ஹில்ஃபிகர் என்ற பெயர்களை வைத்திருப்பது இந்தப் பிவிஹெச்தான். நம் மாணவர்களில் சிலர் சட்டையில் அந்தப் பெயர் இருக்கிறது. அசலோ நகலோ, எனக்குக் கவலையில்லை. அந்தப் பெயரை ஒப்பந்தத்துக்கு இழுத்து வந்தவர்கள் திண்டுக்கல்லின் தலித் பெண்கள் என்பதையும் அதோடு சேர்த்து நெஞ்சில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஷூவும் அப்படித்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் தோல் தொட்டிகளில் இறங்கி நின்ற கால்கள் யாருடையவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோலைத் தொட்டவன் தீட்டு. அதே தோல் பெல்ட்டாகி, ஷூவாகி, கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் கம்பீரம். ‘வம்சம்’ விற்பது துணியும் தோலும் மட்டுமல்ல. தொட்ட கையைத் துடைத்துவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளும் அந்தப் பழைய வித்தையையும் சேர்த்துத்தான் விற்கிறது.

எந்த ஆணை வாங்குகிறோம்?

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை, சாதி எப்படி உயிர்வாழ்கிறது என்று கேட்டது. அகமணம் என்பது அவர் பதில். அகமணத்தைக் காக்க வேண்டுமென்றால் பெண்ணைக் காவலில் வைக்க வேண்டும். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அதற்கான ஏற்பாடுகள் என்று விளக்கினார். அப்போது அவருக்கு வயது 25. சாதியின் பூட்டு பெண்ணுடலில் இருக்கிறது என்றால், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காவலுக்கு நிற்கிறவன் பெயர்தான் ‘ஆண்’. மீசை அவனுடைய சீருடை.

1990களின் தொடக்கத்தில் தமிழ்த் திரையில் அந்தச் சீருடைக்கு ஒரு அலையே வீசியது. ‘தேவர் மகன்’, ‘சின்னக் கவுண்டர்’ இரண்டும் 1992. ‘எஜமான்’ 1993. ‘நாட்டாமை’ 1994. வெள்ளை வேட்டி, துண்டு, தீர்ப்பு. அந்தப் படங்களைப் பார்த்து நம் தெருப் பையன்களும்தான் கைதட்டினோம். நானும் கைதட்டினேன். அந்தத் தீர்ப்பின் கடைசி வரிசையில் கைகட்டி நின்றது நம் அப்பா என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

இப்போது அது பள்ளிக்கூடத்துக்குள் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் குழு, கையில் கட்டும் சாதி வண்ணக் கயிறு, மோதிரம் போன்றவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பதினேழு வயதுப் பையனுக்கு ‘நீ ஆம்பள’ என்பதையும் ‘நீ இன்ன சாதி’ என்பதையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறார்கள்.

சமூகவியலில் ஆர்.டபிள்யூ. கானல் இதை விளக்கியிருக்கிறார். ஆண்மை என்று ஒன்று இல்லை, பல உண்டு. அவற்றில் ஒன்று மேலாதிக்க ஆண்மையாக உட்கார்ந்து மற்ற ஆண்களையும் எல்லாப் பெண்களையும் அளக்கிறது என்பது அவர் வாதம். இதை நம் அனுபவத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒடுக்கப்பட்ட ஆணுக்கு அந்த அளவுகோலிடமிருந்து இரண்டு விதமான ஆபத்து. ஒன்று, ‘நீ ஆணே இல்லை’ என்று அது நம்மை அடிக்கும். இரண்டு, ‘நீயும் ஆண்தான், வா’ என்று நம்மை அழைக்கும். முதலாவதை எதிர்க்க நமக்கு இயக்கம் இருக்கிறது. இரண்டாவது வரும்போது நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம். உள்ளே போனதும் நமக்குக் கீழே ஓர் ஆள் தேவைப்படுகிறது. நமக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? நம் தங்கச்சி இருக்கிறாள். நம் மனைவி இருக்கிறாள். நாலணாவுக்கு அடுத்த இரண்டணா.

பெண் விடுதலை வர வேண்டுமென்றால் ‘ஆண்மை’ என்கிற கருத்தே அழிய வேண்டும் என்று பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் சொன்னார். அதை மேடையில் சொல்வது சுலபம். ‘சாதி ஒழிக’ என்று நம் கூட்டங்களில் முழங்கிவிட்டு, கூட்டம் முடிந்ததும் பாத்திரம் கழுவப் பெண் தோழர்களை விட்டுவிட்டுப் புகைப்படத்துக்கு நிற்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தலித் பெண்கள் இதை முப்பது ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். நாம் அந்த எழுத்துக்கு முன்னுரை கொடுத்தோம், விழா எடுத்தோம். வீட்டுக்குப் போய்ச் சட்டையை நாமே துவைத்தோமா என்பதுதான் கேள்வி.

ஆகவே நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். உடை நம்முடையது. நூற்றதும் நாம், தைத்ததும் நாம், போடும் உரிமைக்கு அடிவாங்கியதும் நாம். அதை முழுசாக எடுத்துக்கொள்வோம். ஆனால் அந்த உடையோடு சேர்த்து விற்கப்படுகிற ஆளை வாங்க வேண்டாம். அவனை நமக்கு நன்றாகத் தெரியும். அவன் நம் அப்பாவின் பாக்கெட்டைக் கிழித்தவன்.

நிற்கிற மாதிரி நில்

கடைசியாக அண்ணனிடம் வருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும்போது முதல் முழுக்கால் சட்டைக்கு அளவு கொடுக்கப் போனேன். சட்டைக்கும் சேர்த்து எடுத்தார். நாடாவை நெஞ்சில் சுற்றியதும் நான் மூச்சை இழுத்துப் பிடித்து நெஞ்சை விரித்தேன். எல்லாப் பையன்களும் செய்வதுதான். அண்ணன் நாடாவைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தார். நான் மூச்சு விட்டேன். மறுபடி சுற்றினார். மறுபடி விரித்தேன்.

"அளவெடுக்கும்போது நெஞ்ச விரிக்காதடா. நிக்கிற மாதிரி நில்லு. விரிச்சுக்கிட்டு அளவு குடுத்தா நான் தைக்கிறது உன் சட்டையா இருக்காது. எவனோ ஒருத்தன் சட்டைய நீ காலம்பூரா மூச்சப் பிடிச்சுக்கிட்டு போட்டுக்கிட்டுத் திரியணும்" என்றார்.

அன்றைக்கு அது தையல்காரர் பேச்சாகத்தான் கேட்டது. கல்யாண மண்டபத்தில்தான் அது எனக்குப் புரிந்தது. கோட்டைக் கழற்றவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அதைப் போட்டுக்கொண்டேதான் தாலி கட்டினேன். ஆனால் தங்கச்சியிடம் போய், "ஏய்னு கூப்பிட்டுட்டேன்மா" என்றேன். "கோட்டுதாண்ணே கூப்பிட்டுச்சு" என்று சிரித்தாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள். நான் இன்னும் அந்தக் கோட்டை நம்பவில்லை.

அண்ணனின் குடும்பத்தார் அந்த ஆள் உயரக் கண்ணாடியை இந்த வட்டத்தின் படிப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஓரத்தில் ரசம் போயிருக்கிறது, மற்றபடி நன்றாகத் தெரிகிறது. எங்கள் அப்பாமார்கள் பயந்து பயந்து சட்டை மாட்டிய கண்ணாடி அது. படிக்க வரும் தம்பிகள் போகும்போதும் வரும்போதும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல சட்டை போட்டு வாருங்கள். பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதன் முன்னால் நிற்கிற மாதிரி நில்லுங்கள்.